வாகைக்குளம் வரை கூட வந்த மின்னல்

பிற்பகல் 1.10 மணிக்குச் சென்னையில் விமானம் ஏறினேன். தூத்துக்குடி வாகைக்குளத்துக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். ரயிலில் கிளம்பியிருந்தால், போய்ச் சேர்வதற்குள் அண்ணனின் பெட்டியை மூடியிருப்பார்கள். முந்தின நாள் வயலில் மின்னல் விழுந்து இறந்துபோனான். ஐந்து மணிக்கு அடக்கம். முகத்தையாவது பார்த்துவிட வேண்டும்.

என்னை அரித்தது வேறு ஒன்று. மின்னல் விழுந்த நேரத்தில் அவனோடு போனில் பேசிக்கொண்டிருந்தவன் நான்தான். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. அங்கே மழை உண்டா என்று கேட்டேன். “மழ இல்ல லே, இடிதான் முழங்குது” என்றான். அத்தோடு பேச்சு அறுந்தது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து டீ குடிக்கப் போய்விட்டேன். போன் மின்னலை இழுக்கும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். நான் பேசியதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை.

2.15. மதுரையைத் தாண்டியதும் ஐப்பசி மேகம் சூழ்ந்துகொண்டது. திடீரென்று ஜன்னல் முழுவதும் வெள்ளையானது. பக்கத்திலேயே வெடி வைத்ததுபோல ஒரு சத்தம். விளக்குகள் அணைந்து எரிந்தன. பின்னால் ஒரு பெண் ஜெபம் செய்ய ஆரம்பித்தார். என்னையும் தேடி வந்துவிட்டது என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

பக்கத்து இருக்கையில் இருந்தவர் பாளையங்கோட்டைக்காரர். விமான மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். “பயப்படாதீங்க தம்பி” என்றார். “மூக்குல விழுந்து, மேல் தகடு வழியா ஓடி, வாலுல எறங்கிப் போயிருக்கும். உள்ள இருக்க நம்மளத் தொடாது.”

“போன் மின்னலை இழுக்குமா சார்?”

“போனா? அதுக்கு அவ்வளவு சீவன் ஏது? வெட்டவெளில ஒசரமா நிக்க மரந்தான் அடி வாங்கும். அதுக்கடில நின்னா நமக்கும் பாயும்.”

அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. அப்படியென்றால் அண்ணனை நான் ஒன்றும் செய்யவில்லை.

2.50. வாகைக்குளத்தில் இறங்கி நடந்தபோது, விமானத்தின் மூக்கருகே கருகியிருந்த ஒரு புள்ளியை அவர் காட்டினார். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். சோதித்துப் பார்த்த பிறகே திரும்பப் பறக்க விடுவார்களாம். இறங்கிய யார் மேலும் ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு ஆத்திரம் வந்தது.

முறப்பநாட்டுக்கு அருகே ஆற்றங்கரையில் எங்கள் ஊர். சுமார் இருபது கிலோமீட்டர், டாக்ஸிக்கு 900 ரூபாய். வல்லநாடு தாண்டும்போது டிரைவர், “போன அணைச்சுப் போடுங்க அண்ணாச்சி, மின்னிக்கிட்டுக் கெடக்கு” என்றார். அதெல்லாம் கட்டுக்கதை என்று அவருக்கு விளக்கம் சொன்னேன்.

3.45. பெட்டி இன்னும் திறந்திருந்தது. அண்ணனுக்குச் சட்டையும் காலுறையும் போட்டிருந்தார்கள். தலைமாட்டில் அண்ணன் மனைவி, என் மதினி. குனிந்து மெதுவாகச் சொன்னேன். “நான்தான் மதினி அப்போ பேசிக்கிட்டு இருந்தேன். ஆனா போன் மின்னல இழுக்காதாம். விவரம் தெரிஞ்சவர் சொன்னார்.”

மதினி என்னை ஏறிட்டுப் பார்த்தார். கோபம் இல்லை.

“போன் இழுத்துச்சுன்னு யாரு சொன்னா? நானும் வயல்லதான் நின்னேன். அங்கன போன் மணி அடிக்கும், பேச்சு கேக்காது. வரப்புல ஒத்தப் பனமரம் நிக்கில்லா, அதுக்கடில போனாத்தான் கேக்கும். வேல செய்யும்போது ஒங்க அண்ணன் யாரு கூப்பிட்டாலும் எடுக்க மாட்டாவ. ‘தம்பி கூப்பிடுதான்’னு சொல்லிட்டு ஓடினாவ.”

குருவானவர் வந்து, “மூடலாமா?” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் ரயிலில் திரும்பினேன். எழும்பூரில் இறங்கும்போது நல்ல மழை. ஊரில் மழை உண்டா என்று கேட்கப் போனைக் கையில் எடுத்துவிட்டேன்.