ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவைப் பேட்டி எடுத்த கதை

தமிழாசிரியர் வேலையில் பாடம் நடத்துவது பெரிய பாடில்லை. கட்டுரை நோட்டுத் திருத்துவதுதான் உயிரை வாங்கும். நாற்பத்தெட்டு நோட்டிலும் ஒரே உரைநூலிலிருந்து இறங்கிய ஒரே கட்டுரை இருக்கும். சிவப்புப் பேனாவை எடுத்தால் அரை மணி நேரத்தில் நாற்பத்தெட்டு டிக், நாற்பத்தெட்டு கையெழுத்து. என் வாத்தியார் இனத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், கோவில்பட்டிக்குப் பக்கத்துப் பள்ளியில் இருந்தபோது, அஞ்சல் வழியில் எம்.எட். படித்தேன். ‘எழுதுவது பற்றி மாணவர்களின் மனப்பான்மை’ என்பது என் ஆய்வு. அட்டவணையாக நிரப்பி அனுப்பியதைத் திருநெல்வேலிப் பேராசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு பிள்ளையின் குரல்கூட இதில் கேட்கவில்லை, பத்துப் பேரைப் பேட்டி எடுத்துச் சேர்க்க வேண்டும், ஏப்ரல் முடிவதற்குள் வராவிட்டால் பதிவு காலாவதி என்று கடிதம். மூன்று வருஷ உழைப்பு பத்துப் பிள்ளைகளின் வாயில் இருந்தது.

ஒத்திகை

இருபது கேள்வி தயாரித்தேன். பிள்ளைகளிடம் போகுமுன் சரிபார்க்கலாம் என்று கணக்கு வாத்தியார் சுடலைமுத்துவை மாணவனாக உட்கார வைத்தேன். கடன் வாங்கிய டேப்ரிக்கார்டரை அமுக்கி, “எழுதும்போது உன் உள்ளத்தில் எழும் உணர்வுகள் யாவை?” என்று ஆரம்பித்தேன்.

மனிதர் முகம் வெளிறிவிட்டது. ஏழாவது கேள்வியில் எழுந்தே விட்டார். “அண்ணாச்சி, இது பேட்டி இல்ல, ஸ்டேஷன்ல வாக்குமூலம் வாங்குத மாதிரி இருக்கு. நான் ஒரு தப்பும் பண்ணலைன்னு எழுதிக்கிடுங்க!”

ஆசிரியர் அறையில்

கேள்வியைப் பத்தாகக் குறைத்தேன். ஆசிரியர் அறைதான் அமைதியான இடம் என்று முதல் பையனை அங்கே வரச் சொன்னேன். எங்கள் பள்ளியில் அந்த அறைக்குப் பிள்ளைகளைக் கூப்பிடுவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

வந்தவன் நாற்காலியைப் பார்க்கக்கூட இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினான். “வலது கையில காலையிலதான் கணக்கு சார் போட்டாவ. இந்தக் கையில போடுங்க சார்.”

முன்கூட்டியே கொடுத்த கேள்விகள்

பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று இரக்கப்பட்டு, பத்துக் கேள்வியையும் ஒருநாள் முன்னதாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். இடத்தையும் வேப்பமரத்தடிக்கு மாற்றினேன். மறுநாள் முதல் பிள்ளை, “எழுதுவது எனக்கு மிகவும் பிடிக்கும். எழுத்து அறிவின் திறவுகோலாகும்” என்றதும் எனக்கு வாயெல்லாம் பல். இரண்டாவது பிள்ளையும் அதையே சொன்னது. மூன்றாவதும் நான்காவதும் மூச்சு விடும் இடம் உட்பட அதையே சொன்னார்கள். வகுப்புத் தலைவன் ராத்திரியோடு ராத்திரியாகப் பத்து விடை தயாரித்து எல்லாரையும் ஒப்பிக்க வைத்திருக்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கேள்வி என்றால் விடை, விடை என்றால் மனப்பாடம் என்று பழக்கியதே நாங்கள்தானே.

ஐந்தாவது பையன் பாதியில் திக்கி நின்றான். டேப்ரிக்கார்டரை நிறுத்திவிட்டு, “அதை விடுலே. நெசமாவே ஒனக்கு எழுதப் பிடிக்குமா, பிடிக்காதா?” என்றேன். அவன் திருதிருவென்று விழித்துவிட்டுச் சொன்னான்: “சார், அது நேத்துப் போட்ட கேள்வியில இல்லையே!”

பிடித்த பக்கம்

ஏப்ரலில் பன்னிரண்டு நாள்தான் மிச்சம். கேள்வித்தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். “கட்டுரை நோட்டைக் கொண்டு வாங்க. நீங்க மனசார எழுதின ஒரு பக்கத்தைக் காட்டினாப் போதும்” என்றேன். முதலில் வந்தவள் மாரிச்செல்வி. இடைசெவலிலிருந்து பஸ்ஸில் வருகிற, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாயே திறக்காத பிள்ளை.

‘மரம் வளர்ப்போம்’ கட்டுரையை விரித்து என் பக்கம் திருப்பி வைத்தாள். மரங்கள் மழை தரும் என்ற வரிக்கு அடுத்து, அதே குண்டு எழுத்தில் இருந்தது: ‘சார், ஒன்பதாவது முடிஞ்சதும் எங்க அப்பா என்னைத் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பப் போறாங்க. நீங்க வீட்டுக்கு வந்து சொன்னா கேப்பாங்க.’ பிறகு மரங்கள் நிழல் தந்தன. அடியில் என் டிக், என் கையெழுத்து. ‘நான் கண்ட திருவிழா’விலும் அதே வரி. ‘நூலகத்தின் பயன்’ கட்டுரையிலும் இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

“ஏம்மா, நேர்ல வந்து சொல்லக் கூடாதா?” என்றேன். அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: “நேர்ல சொன்னா அழுதுருவேன் சார், அதான் எழுதினேன். மூணுலயும் சரின்னு டிக் போட்டிருந்தீங்க. சாரும் போகத்தான் சொல்லுதாவன்னு நெனச்சுக்கிட்டேன்.”

இடைசெவல் பஸ்

அன்று சாயங்காலம் அவள் ஏறிய பஸ்ஸில் நானும் ஏறினேன். அவளுடைய அப்பா காட்டில் காய்ந்த பருத்திமார் பிடுங்கப் போயிருந்தார், பார்க்க முடியவில்லை. இரண்டாம் தடவை பார்த்தேன். மழை இல்லை, விளைச்சல் இல்லை, தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தப்பு என் பேரில் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

மூன்றாம் தடவை நோட்டை எடுத்துப்போய் மூன்று கட்டுரையையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். நான் டிக் போட்ட இடத்தையும் காட்டினேன். நோட்டை வாங்கி அந்த டிக்கை விரலால் தடவிப் பார்த்தார். கடைசியில் மகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “வாசிக்காத நீங்களே மூணு நட வந்துட்டீங்க சார்வாள், கூடவே இருக்க எனக்கு அவ மனசு தெரியலையே. பத்தாவது படிக்கட்டும்.”

இந்த அலைச்சலில் ஏப்ரல் முடிந்து, என் பதிவும் காலாவதியாகிவிட்டது. அந்த வேப்பமரத்தடியும் அந்த நாற்பத்தெட்டு முகங்களும் இன்றும் கண்ணுக்குள் நிற்கின்றன.

பிள்ளைகளுக்கு எழுதுவதில் என்ன மனப்பான்மை என்று ஆராயப் போய், வாத்தியாருக்கு வாசிப்பதில் என்ன மனப்பான்மை என்று கண்டுபிடித்தவனுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தருவதில்லை.