அத்தை சுருக்கம் எடுத்த பேனர்

எனக்கு அப்போது எட்டு வயது. எழுத்துக் கூட்டிப் படிக்க வந்திருந்தது. அத்தைக்குப் படிக்க வராது என்பதால் வீட்டில் நான் கொஞ்சம் கர்வமாகவே திரிந்தேன்.

அத்தையைப் பரிசம் போட ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதாக இருந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சொந்தப் படகு இரண்டு. முதல் மனைவி இறந்துபோனவர். அவருடைய மூத்த மகளுக்கு அத்தையைவிட மூன்று வயதுதான் குறைவு. அத்தை இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லி, இரண்டு முறையும் தன் அண்ணனிடம், அதாவது என் நைனாவிடம், அடி வாங்கினாள். பிறகு யாரோடும் பேசவில்லை. சரி, சம்மதித்துவிட்டாள் என்றுதான் நினைத்தோம்.

மெட்ராஸில் போர்டு எழுதும் கடையில் வேலை பார்த்த சித்தப்பா, ரெக்சினில் ஒரு பேனர் எழுதிக் கொண்டுவந்தார். மேலே நல்வரவு, கீழே மாப்பிள்ளை பேரும் அத்தை பேரும். பரிசத்துக்கு யாராவது பேனர் கட்டுவார்களா என்று தெருவே சிரித்தது. பஸ்ஸில் மடித்து வைத்திருந்ததன் மேல் பொன்னேரியிலிருந்து யாரோ உட்கார்ந்தே வந்திருக்கிறார்கள். பிரித்தால் ஒரே சுருக்கம்.

நைனாவுக்குத் தெரிந்தது வலைதான். பரிசத்தன்று காலையில் பேனரை இரண்டு துடுப்புக்கு நடுவில் கட்டி, வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளைக் கீழ் ஓரத்தில் தொங்கவிட்டார். வெயில் ஏறியதும் ஓரம்தான் தொய்ந்தது. மடிப்பு அப்படியே இருந்தது.

"இன்னாண்ணா, மீன் புடிக்கவா கட்டிகீற?" என்றார் சித்தப்பா.

அப்போதுதான் அத்தை வெளியே வந்து, "குடுங்க, நான் எடுக்கறேன்" என்றாள். அவள் வாய் திறந்ததே எல்லாருக்கும் சந்தோஷம். சித்தப்பா சொல்லிக் கொடுத்தார்: "ஈரத் துண்டு போட்டு, அதும் மேல வெந்நி சொம்பை வெச்சி தேய். துண்டு இல்லாம வெச்சினா பெயிண்டு சொம்போட வந்துடும்."

உள்ளே பாயில் பேனரை விரித்தோம்.

"இதுல என் பேரு எதுடி?" என்றாள் அத்தை. விரல் வைத்துக் காட்டினேன். அதைத் துண்டுக்கு மேலே மெதுவாக, நெடுநேரம் தேய்த்தாள்.

"அவரு பேரு?"

அதையும் காட்டினேன்.

"தண்ணி ஆறிப்போச்சு. கொதிக்கக் கொதிக்க எடுத்துனு வா."

கொண்டுவந்து ஊற்றினேன். அத்தை துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, சொம்பை அப்படியே வைத்து அழுத்தினாள்.

"அத்தை, துண்டு" என்றேன்.

"சும்மா இரு. இங்கதான் சுருக்கம் ஜாஸ்தி."

சொம்பைத் தூக்கியபோது மாப்பிள்ளை பேர் அதன் அடியில் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி ஒட்டியிருந்தது.

மறைக்க நேரமில்லை. படகு வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா பெண்ணைப் பார்க்க நேராக உள்ளே வந்து, பாயிலிருந்ததைப் பார்த்து நின்றுவிட்டாள். எங்கள் பக்கம், படகில் எழுதிய பேர் அழிந்துபோனால் மறுபடி எழுதிப் பூசை போடும்வரை தண்ணீரில் இறக்க மாட்டார்கள்.

"பேரு அழிஞ்ச எடத்துல என் புள்ளைய எறக்க மாட்டேன்" என்றாள். தட்டுகளோடு திரும்பிப் போய்விட்டார்கள்.

"கை தவறிடுச்சு" என்று அத்தை நைனாவிடம் சொன்னாள். அதற்கும் அடி விழுந்தது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் கொண்டுவந்தவள் நான்தானே என்று எனக்குப் பயம். துண்டைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஆனால் மத்தியானம் அத்தை இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அழவேண்டியவள் ஏன் சாப்பிடுகிறாள் என்று ஒன்றுமே புரியவில்லை.

சாயங்காலம் பேனரை மறுபடி விரித்து, "என் பேரு எதுனு சொன்ன?" என்று கேட்டாள். காட்டினேன். ஒரு சுருக்கம்கூட இல்லை. இதே மாதிரி அவர் பேருக்கும் துண்டைப் போட்டிருக்கலாமே என்று எனக்கு அத்தைமேல் வருத்தமாக இருந்தது.