கண்ணாடியை இறக்காதே, டெஸ்ட் நடக்கிறது

சிக்னலில் வண்டி நின்றதும் என் மாமனார் ஸ்டியரிங்கிலிருந்து இடது கையை எடுத்து, ஏசி காற்று வரும் துவாரத்துக்கு முன்னால் ஐந்து விரலையும் விரித்துப் பிடிப்பார். கண்ணை மூடிக்கொள்வார். பச்சை விழுந்து, பின்னால் நிற்பவன் ஹாரனை அலறவிடும் வரை அப்படியே இருப்பார். பிறகு, மகளைக் கூப்பிடுவதுபோலப் பாதி இந்தியில், "நேத்தைக்கு இன்னைக்குப் பரவால்ல பேட்டா, கொஞ்சம் டண்டா வருது" என்பார். குளிர்ச்சியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பின்சீட்டில் ஏழு மாத வயிற்றோடு நான் வெந்துகொண்டிருப்பேன். நான்கு கண்ணாடிகளும் இறுக்க ஏற்றியிருக்கும்.

கண்ணாடியை ஏன் இறக்கக் கூடாது என்பதற்கு அவரிடம் காரணம் இருந்தது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து இளவட்டமாக பூனா வந்து, தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் சாமான்களைச் சோதித்துத் தேர்வு செய்யும் வேலையிலேயே ஓய்வு பெற்றவர். சோதனை என்று ஆரம்பித்துவிட்டால் நடுவில் எதையும் மாற்றக் கூடாது என்பது அவர் சட்டம். மெக்கானிக்கிடம் போய்வந்த ஒவ்வொரு முறையும் புதுசாக ஒரு சோதனை தொடங்கும். நான் கைப்பிடியைத் தொட்டாலே, "இறக்காத, டெஸ்ட் நடக்குது" என்று தலைக்கு மேல் தொங்கும் கண்ணாடி வழியாகப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாமனார் ஆயிற்றே, என்ன சொல்ல முடியும்? "வேர்க்குதுங்க மாமா" என்பேன். "வேர்க்கட்டும், அதுவும் ஒரு ரீடிங்தான்" என்பார்.

அந்த ஏசி மேல் அவருக்கு அத்தனை பிடிவாதம் வரக் காரணமே நான்தான். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று கோயமுத்தூரிலிருந்து அப்பா ஒற்றைக்காலில் நின்றார். போனால் ஏழாம் மாதமே போக வேண்டும். என் கம்பெனியில் அவ்வளவு லீவு கிடையாது. வேலையை விட வேண்டியதுதான். மகர்பட்டாவில் அந்த நாற்காலியைப் பிடிக்க நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். வளைகாப்பன்று அப்பா, "இந்த வெக்கையில தினமும் அத்தனை தூரம் எம்பொண்ணு எப்படிங்க போய் வருவா?" என்று கேட்டதும், மாமனார் சபை நடுவில் எழுந்து, "ஏசி கார் இருக்குதுங்க சம்பந்தி. நானே கொண்டுபோய் விட்டுக் கூட்டிட்டு வர்றேன். உங்க பொண்ணு மேல ஒரு சொட்டு வேர்வை படாது" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அப்பா அரைமனதாகத் தலையாட்டினார். அடுத்த வாரம், குளிர்காலத்துக்குப் பிறகு முதல்முறையாகப் போட்டதுமே ஏசி காலை வாரியது.

அதன் பிறகு அலைந்த அலைச்சல் இருக்கிறதே! முதல் மெக்கானிக் "காஸ் கம் ஹை", குறைந்துவிட்டது என்று காஸ் ஏற்றினார். அடுத்தவரும் அதையே சொல்லி அதையே ஏற்றினார். மூன்றாமவர் முன்னாலிருக்கும் கம்பிவலையைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். இன்னொருவர் மின்விசிறியை மாற்றினார். என் கணவர் பூனாவை ஒட்டிய சாகணில் கார் தொழிற்சாலையில்தான் வேலை செய்தார். அவரைக் கேட்டால், "நான் கதவு மாட்ற லைன்மா, ஏசி பத்தி எனக்கென்ன தெரியும்?" என்று கையை விரித்தார். விளங்கிவிடும்! பானெட்டைத் திறந்து தொட்டால் ஏசி குழாய் ஜில்லென்று ஈரம் கோத்து நிற்கும். உள்ளே வரும் காற்று மட்டும் அடுப்படிக் காற்று. குளிர்காலத்தில் ஹீட்டருக்காகத் திறந்த மூடி சரியாக மூடாமல் சிக்கிக்கொண்டு, குளிர்ந்த காற்றோடு எஞ்சின் சூட்டையும் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தது என்பது வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. குழாய் குளிர்ந்திருக்க, காற்று மட்டும் ஏன் சுடுகிறது என்று ஒரு புண்ணியவானுக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பா போன் செய்வார். "ஏசி நல்லா ஓடுதா கண்ணு?" என்பதுதான் முதல் கேள்வி. "ஓடுதுங்கப்பா, சால்வை போத்திக்கிட்டுப் போறேன்" என்பேன். பக்கத்தில் செய்தித்தாளை விரித்துவைத்திருக்கும் மாமனார் பக்கத்தைப் புரட்டாமல் உட்கார்ந்திருப்பார்.

மே மாதம் பாதியில், சொல்லாமல் கொள்ளாமல் அப்பா ரயிலேறி வந்துவிட்டார். ஸ்டேஷனில் இறங்கிப் போன் செய்தவரை அழைத்துவர மாமனாரோடு நானும் போனேன். அப்பா முன்சீட்டில் உட்கார்ந்தார். வழக்கம்போலக் கண்ணாடிகள் மேலே. ஏசி உர்ரென்று ஊதியது. பாலம் தாண்டுவதற்குள் அப்பா மேல்துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அப்புறம் நெற்றியை. சிக்னல் வந்தது. மாமனார் துவாரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. தன் பக்கத்துக் கண்ணாடியைக் கடகடவென்று இறக்கினார்.

"ஏசி ஓடலீங்க சம்பந்தி. ரொம்ப நாளாவே ஓடல. நான் குடுத்த வாக்கு பொய்யாப் போச்சு. உங்க பொண்ணு இந்த நெருப்புலதான் தினமும் போய் வந்தா. நீங்க கூட்டிட்டுப் போயிருங்க."

அப்பா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நாளைக்கே டிக்கெட் பாக்கறேனுங்க" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வயிற்றுப் பிள்ளையே உதைத்தது. இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு வெந்தது எதற்காக? இவர் ஒரு பச்சை விளக்குக்குள் உத்தமராகி, என் வேலையைத் தூக்கி அப்பா கையில் கொடுத்துவிட்டார்!

"வண்டிய நிறுத்துங்க மாமா!" அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்காத குரல் அது. "ஏசிக்கு இத்தன நாள் டெஸ்ட் வெச்சீங்களே, நான் இருக்கேனா போறேனான்னு என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா? நீங்களாச்சும் கேட்டீங்களாப்பா?"

மாமனார் வண்டியை ஓரம் கட்டினார். இருக்கையில் சிரமப்பட்டு முழுசாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அவர் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"கேக்கல பேட்டா. இப்பக் கேக்கறேன். இருக்கியா, போறியா?"

"இருக்கேன்."

"அவ இருக்கறாளாம் சம்பந்தி" என்றார் அப்பாவிடம். அப்பா துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். "சரி கண்ணு" என்று சொல்ல அவருக்கு வீடு வரும் வரை ஆயிற்று.

மகள் பூனாவில்தான் பிறந்தாள். வேலையும் தங்கியது. மாமனார் காலமாகிச் சில வருடங்களாகின்றன. இப்போது நான் ஓட்டும் காரில் பொத்தானை அழுத்தினால் போதும், மகள் குளிர்கிறது என்று குறைக்கச் சொல்வாள். அந்த வேனல் நினைவுக்கு வந்தால் எனக்கு இன்னமும் எரிச்சல்தான் வருகிறது. கிணற்றுக்குள் தள்ளிவிட்டுக் கயிறு போட்ட மாதிரி ஒரு வேலை செய்தார் மனுஷர். ஆனால் என்ன படிப்பது, யாரைக் கட்டுவது, எந்த ஊரில் வாழ்வது என்று எதையும் என்னிடம் யாரும் கேட்டதில்லை. முதலில் கேட்டவர் அவர்தான். அதனால் அவர் மேல் முழுசாகக் கோபப்படக்கூட முடிவதில்லை.