பாண்டிச்செல்விக்கு நான் போட்ட டிக்

மாற்றுத்திறன் பிள்ளைகளுக்காகப் பள்ளி பள்ளியாகச் சுற்றுகிற சிறப்பாசிரியராக இருபது வருஷம் வேலை பார்த்தவள் நான். சின்னாளபட்டிப் பக்கம் ஒரு பள்ளியில், மூன்றாம் வகுப்புப் பாண்டிச்செல்விக்கு நான் நிரப்பிய படிவம் தப்பு. புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்களுக்காக மானத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

அந்தப் பிள்ளை பள்ளியில் வாயே திறக்காது. அட்டெண்டன்ஸுக்குக்கூடக் கையைத்தான் தூக்கும். தலைமையாசிரியர் என்னைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், இவ பேரை உங்க லிஸ்ட்ல ஏத்திருங்க. வாசிக்கச் சொன்னா முழிக்கிறா. ஆபீசர் வந்தா எனக்குல்ல அசிங்கம்?" லிஸ்டில் ஏறிய பிள்ளையை ஆபீசர் வாசிக்கச் சொல்ல மாட்டார். அதற்காகவே ஏற்றுகிற கூத்து எங்கள் பக்கம் உண்டு.

விஷயம் கேள்விப்பட்டு அவள் அம்மா ஓடி வந்தார். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர். "டீச்சர், வீட்ல அம்புட்டுப் பேச்சு பேசுவா. செத்த நேரம் வந்து பாருங்களேன்."

வீடு அடுத்த தெருதான். எனக்குத் திண்டுக்கல் பஸ்ஸைப் பிடிப்பதுதான் பெரிதாகப் பட்டது. "எல்லா அம்மாவும் இதைத்தான் சொல்றாங்க. இவளுக்கு ஒண்ணும் புரியாதுக்கா, அடிக்காம வச்சுக்கங்க," என்றேன். பிள்ளை பக்கத்திலேயே நின்றது. 'அறிவுத்திறன் குறைபாடு' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். வீட்டில் பேசுகிற பிள்ளைக்குப் பயத்தால் பள்ளியில் பேச்சு அடைத்துப்போகும் என்று பயிற்சியில் படித்திருந்தும் போட்டேன். பிறகு நடந்த மருத்துவ முகாமில் டாக்டர் கேட்டதற்கும் அவள் பதில் சொல்லவில்லை. என் டிக்கே நிலைத்தது.

அதன்பிறகு யாரும் அவளுக்குப் பாடம் நடத்தவில்லை. கடைசி பெஞ்சில் கலர் பென்சிலோடு உட்கார வைத்தார்கள்.

அவள் ஐந்தாம் வகுப்பு முடிக்கிற சமயம், அவளுடைய மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேலையாக அந்த வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே கணீரென்று ஒரு குரல் கேட்டது. காலிச் சாய டப்பாக்களை வரிசையாக வைத்து அவள் டீச்சர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்புப் பாடத்தை மடமடவென்று ஒப்பித்து, டப்பாக்களிடம் கேள்வி கேட்டாள். கடைசி டப்பாவிடம் வந்ததும் என்னைப் போலவே இழுத்துப் பேசினாள்.

"இவளுக்கு ஒண்ணும் புரியாதுக்கா, அடிக்காம வச்சுக்கங்க."

அந்த டப்பாவை மட்டும் மூலையில் தள்ளி வைத்தாள். திரும்பி என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றுபோனது. சை, என்ன பிழைப்பு இது என்று இருந்தது.

படிவத்தை மாற்ற அலையாத ஆபீஸ் இல்லை. "போட்டது போட்டதாவே இருக்கட்டும் டீச்சர்," என்றார் தலைமையாசிரியர். ஆறாம் வகுப்புக்கும் அவள் அந்த லிஸ்டோடுதான் போனாள்.

டிக் போடுமுன் வீட்டுக்கு ஒரு நடை போங்கள். பிள்ளையை வைத்துக்கொண்டே பிள்ளையைப் பற்றிப் பேசாதீர்கள். பாண்டிச்செல்விக்கு நான் கற்றுக்கொடுத்தது அந்த ஒரு வாக்கியம்தான். அதை அவள் ஒரு சொல் பிசகாமல் படித்து வைத்திருந்தாள்.