பன்னெண்டு அப்பாவும் டாக்டர்

என் வீட்டுக்காரருக்கு ஜெர்மனியில வேலை கிடைச்சுது, நானும் கூடப் போனேன். ஆரணியில தறி நெய்யற குடும்பத்துல பொறந்து, வாய் ஓயாம பேசிகினு இருந்தவ நான். அங்க ரெண்டு வருஷம் கடையில ரொட்டியைக்கூட விரலால காட்டித்தான் வாங்கினேன். பாஷை படிச்சேன், பரீட்சை பாஸ் பண்ணேன், ஆனா தப்பாப் பேசினா சிரிப்பாங்களோன்னு வாய் வராது. அப்புறம் அந்த ரொட்டிக்கடையிலயே வேலைக்குச் சேர்ந்தேன். வரிசையில நிக்கறவங்களுக்கு ஜல்தியா பதில் சொல்லணும், வெட்கப்பட ஏது நேரம்? பேச்சு தானா வந்துடுச்சு.

பத்து வருஷம் கழிச்சு ஊருக்கே திரும்பிட்டோம். ஜெர்மனிக்கு வேலைக்குப் போக ஆசைப்படற பன்னெண்டு நர்ஸ் பொண்ணுங்களுக்கு, ஒரு பட்டுக்கடை மாடியில ஜெர்மன் கத்துக்குடுக்க ஆரம்பிச்சேன். டீச்சர்னு எனக்கு சர்டிபிகேட் வேணும்னா ஒரு பாடம் நடத்திக் காட்டணும். ஜெர்மனியிலேர்ந்து ஒரு அம்மா அதை வீடியோவுல பாப்பாங்க. அவங்க சரின்னாத்தான் வகுப்பு, இல்லைன்னா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அந்தம்மா திரையில வந்ததும் பன்னெண்டு பேரும் எழுந்து நின்னு, ஸ்கூலுக்கு இன்ஸ்பெக்டர் வந்தா சொல்ற ராகத்துல வணக்கம் சொன்னாங்க. தலையில அடிச்சிக்கலாம்னு இருந்துது எனக்கு. அந்தம்மா ஒரு பொண்ணைப் பாத்து, காலையில என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டாங்க. ரொட்டியும் வெண்ணெயும்னு பன்னெண்டு பேரும் சேர்ந்து சொன்னாங்க. அப்பா என்ன வேலைன்னு ஒவ்வொருத்தரையா கேட்டாங்க. டாக்டர், டாக்டர், டாக்டர். பாடப்புத்தகத்துல அப்படித்தான் இருக்குது. எனக்குத் தெரியாம ஒரு வாரமா மனப்பாடம் பண்ணிகினு இருந்திருக்காங்க.

"பேசக் கத்துக்குடுக்கலை, ஒப்பிக்கக் கத்துக்குடுத்திருக்கீங்க"ன்னாங்க அந்தம்மா. எனக்குக் கோவம் கோவமா வந்துது. யார் மேலன்னுதான் தெரியலை.

அப்போ கடைசி பெஞ்சுல ஒரு பொண்ணு எழுந்தா. தட்டுத் தடுமாறி ஜெர்மன்லயே சொன்னா: "எங்கப்பா டாக்டர் இல்லைங்க. களம்பூர் ரைஸ்மில்லுல மூட்டை தூக்கறாரு. காலையில நான் சாப்பிட்டது பழைய சோறு. டீச்சர் ஒப்பிக்கச் சொல்லலை. அவங்க பாஸாகணும்னு நாங்களா பண்ணோம். அவங்களைத் திட்டாதீங்க."

பழைய சோறுன்னா என்னன்னு கேட்டாங்க அந்தம்மா. கெட்டுது போ. பக்கத்துல இருந்தவ வெங்காயம் தொட்டுக்கணும்னு சொல்ல, இன்னொருத்தி மோர்மிளகாதான்னு அவகிட்ட மல்லுக்கு நின்னா. எல்லாம் ஜெர்மன்ல, எல்லாம் ஏடாகூடமா. அந்தம்மா சிரிச்சிகினே எழுதிகினு இருந்தாங்க. பாஸ்னு சாயந்திரமே மெயில் வந்துது.

மறுநாள் அந்தப் பொண்ணு நோட்டைத் தொறந்து வெச்சிகினு, "நேத்து நான் பேசினதுல எத்தினி தப்பு டீச்சர்?"னு கேட்டா. தப்பைத் திருத்தறதுதான் என் வேலை. தெரியலைம்மான்னேன். நெஜமாவே தெரியலை. இவ எனக்காகப் பேசறாங்கறது மட்டும்தான் என் காதுல விழுந்துது.