பல்லக்காவின் டிரிப் ஷீட்

பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் ஒற்றை ஜன்னல் வைத்த சின்ன அறை ஒன்று உண்டு. பத்தொன்பது வருடமாக அங்கே உட்கார்ந்து பல் செட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவளை எல்லோரும் ‘பல்லக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் பல் அக்கா என்று பிரித்துத்தான் சொன்னார்கள். அவசரத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. “பல்லக்குல ஏறிப் போற யோகந்தான் இல்ல, பேராவது இருக்கட்டும்” என்று அவளும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள்.

வேலையில் அவள் கை வெகு நேர்த்தி. டாக்டர் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார். அவள் அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி ஈறின் அச்சை எடுத்து, அதன் மேல் மெழுகு வைத்து, ஒவ்வொரு பல்லாகப் பதிப்பாள். சின்னக் கத்தியை விளக்குச் சுடரில் காட்டி மெழுகை இளக்கி, பல்லை அரை நெல் அளவுக்குத் தள்ளி, கொஞ்சம் திருப்பி, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள். மெழுகோடு அதை நோயாளியின் வாயில் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் நிஜ செட். பல் வரிசையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள் என்று கிளினிக்கில் பேச்சு.

எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. நாற்பத்து மூன்றாவது வயதில் ஒரு நாள் காலை கண் விழித்தபோது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. யாரோ கதவைத் தட்டிக் கெட்ட சேதி சொல்லப்போகிறார்கள் என்பது போல ஒரு பதைப்பு. யாரும் தட்டவில்லை. மறுநாளும் அதே பதைப்பு. ஒரு மாதத்தில் சோறு இறங்கவில்லை, பேச்சு இறங்கிப்போனது. குளிப்பதற்குக்கூட முதல் நாளே மனதைத் தயார்செய்ய வேண்டியிருந்தது.

மகள் வெளியூரில் படிக்கப் போனதுதான் காரணம் என்றாள் எதிர்வீட்டுக்காரி. “உனக்கு என்னடி குறை?” என்று பெரியம்மா போனில் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததுதான் அவளை இன்னும் வதைத்தது. குறை என்று ஒன்று இருந்தால் அதைக் கட்டிக்கொண்டாவது அழுதிருக்கலாம்.

கணவர் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவர். ஒரு நாளைக்கு நூறு வீட்டு வாசல் ஏறி இறங்குகிறவருக்குத் தன் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று மட்டும் பிடிபடவில்லை. ஆனாலும் நல்ல மனிதர். மனநல டாக்டரிடம் அவரேதான் அழைத்துப் போனார்.

முதல் மாத்திரை தூக்கத்தைக் கொடுத்தது, வேறெதையும் கொடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து இரண்டாவது. அதில் விரல் நடுங்கியது. பல்லைப் பிடிக்கிற விரல் நடுங்கினால் என்ன ஆவது? கொஞ்ச நாளில் நடுக்கம் நின்றது, ஆனால் காலைப் பதைப்பு இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. டாக்டர் அளவைக் கூட்டினார். அடுத்த முறை போனபோது ஆவலாக முன்னால் சாய்ந்து, “இப்ப எப்படி இருக்கு?” என்றார். வெளியே பெஞ்சில் பதினைந்து பேர். அவருடைய முகத்தில் அத்தனை நம்பிக்கை. மருந்து கேட்கவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“பரவாயில்ல டாக்டர்” என்றாள்.

அதற்கடுத்த மாதமும் பரவாயில்லை. அதற்கடுத்த மாதமும். வீட்டிலும் அதையே சொன்னாள். மாத்திரையை ஒரு நாள் தவறாமல் முழுங்கினாள். எல்லோருக்கும் கேட்கிற மருந்து தனக்கு மட்டும் கேட்கவில்லையென்றால் கோளாறு தன்னிடம்தான் என்று உள்ளுக்குள் முடிவுகட்டிவிட்டாள்.

ஒரு பிற்பகல் பல் டாக்டரம்மா பின்னறைக்கு வந்தபோது பல்லக்கா மெழுகின் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மேல் வரிசை முன்பல் ஒன்றைப் பதித்துப் பிடுங்கி, பதித்துப் பிடுங்கி, மெழுகு குழைந்து சேறாகக் கிடந்தது. அந்த ஒரு செட் மூன்று நாளாக நகரவில்லை. அவள் கன்னத்தில் கண்ணீர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. துடைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

டாக்டரம்மா விளக்கை அணைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். “அக்கா, வீட்டுக்குப் போங்க. ஒரு மாசமோ, ரெண்டு மாசமோ. இந்த ஸ்டூல்ல வேற யாரும் உக்கார மாட்டாங்க.”

கணவருக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. பகலெல்லாம் அவளைத் தனியே விட்டுப்போகப் பயம். யோசித்துப் பார்த்துவிட்டுத் தன் தங்கைக்குப் போன் போட்டார்.

அந்த நாத்தனாருக்கும் பல்லக்காவுக்கும் பதினைந்து வருடமாக ஏழாம் பொருத்தம். புதுவீடு பார்க்க வந்தபோது ஜன்னல் கம்பியில் விரலை ஓட்டி, தூசியை எல்லோருக்கும் காட்டியவள் அவள். டவுன் பஸ்ஸில் கண்டக்டர். “உள்ள போ, உள்ள போ, நடுவுல அவ்வளவு இடம் இருக்கு” என்று கத்திக் கத்தித் தொண்டை அந்தச் சுருதியிலேயே நின்றுவிட்டது. மெதுவாகப் பேசுகிறேன் பார் என்று அவள் பேசினால் பக்கத்துத் தெருவில் திரும்பிப் பார்ப்பார்கள். அண்ணன் வேலை முடிந்து வந்ததும் கிளம்புகிற மாதிரி பிற்பகல் ஷிப்ட் வாங்கிக்கொண்டு, ஒரு பையோடு வந்து இறங்கினாள்.

கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடந்த அண்ணியைப் பார்த்ததும் வழக்கம்போல ஏதாவது குத்தலாகச் சொல்வாள் என்று கணவர் பயந்துகொண்டே நின்றார். அவளோ கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். தைரியமாயிரு என்று சொல்லவில்லை, கடவுளை நினை என்று சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அண்ணி, எந்திரிச்சு உக்கார முடியுமா? முடியலேன்னா முடியலேன்னு சொல்லுங்க. கோச்சுக்க மாட்டேன்.”

“முடியல.”

“சரி. அப்ப தலைகாணியை மட்டும் கொஞ்சம் தூக்கி வைக்கிறேன்.”

முதல் நாள் அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் உட்கார்ந்தாள். நாலாம் நாள் பால்கனி வரை வந்தாள். ஒரு வாரம் போனதும் படி இறங்கித் தெருமுனை மருந்துக்கடை வரை போய்த் திரும்பினார்கள். நடக்கும்போது நாத்தனார் பஸ்ஸில் நடந்த கதைகளைச் சொல்வாள். பதில் எதிர்பார்க்கமாட்டாள். டிக்கெட் எடுக்காமல் தூங்குவது போல நடித்தவன் நிஜமாகவே தூங்கிப்போய் டிப்போ வரை வந்த கதையைக் கேட்டுப் பல்லக்காவின் உதடு லேசாக அசைந்தது. நாத்தனார் பார்த்தும் பார்க்காதது போல நடந்தாள்.

அவளுக்கு எதையும் எழுதி வைத்தால்தான் நிம்மதி. பத்தாம் நாள் டிப்போவிலிருந்து, ஒவ்வொரு நடைக்கும் கண்டக்டர் கணக்கு எழுதுகிற பழைய டிரிப் ஷீட் கட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள்.

“நீங்க எல்லார்கிட்டயும் பரவாயில்ல, பரவாயில்லங்கிறீங்க. பரவாயில்லன்னா எவ்வளவு? எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க. உள்ள கூட்டம் எப்படி? காலியா இருக்கா, நின்னுட்டுப் போற அளவா, படிக்கட்டுல தொங்குற அளவா?”

பல்லக்கா ஷீட்டின் கட்டங்களைப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை.

“காலைல கண்ணு முழிக்கிறப்போ... படிக்கட்டுல தொங்குது. பதினோரு மணிக்கு மேல நின்னுட்டுப் போற அளவு.”

“காலியா இருந்தது எப்ப?”

“ஞாபகமில்ல.”

நாத்தனார் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் நாலு வேளை கேட்டாள், ஷிப்டில் இருந்தால் போனில். காலை ஷீட் எல்லாம் ஒரே மாதிரி நிறைந்தன.

ஒரு காலை, ஷீட்டை மடியில் வைத்தபடியே, தன் குரலுக்கு எட்டிய அளவு தணித்துக் கேட்டாள். “அண்ணி, செத்துப்போயிடணும்னு தோணுதா?”

கேட்டதும் பல்லக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு, எதிர்பாராமல், உடம்பு தளர்ந்தது. “சாகணும்னு இல்ல. இல்லாம இருந்தா நல்லாயிருக்கும்னு தோணும். உங்களுக்கெல்லாம் பாரம் குறையும்ல.”

நாத்தனார் அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். டிக்கெட் கிழித்துக் கிழித்துக் கட்டைவிரல் காய்த்துப்போன கை. “பாரமெல்லாம் எனக்குத் தெரியும். ஆபீஸ் நேரத்துல எழுபது பேரோட நிக்கிறவ நான். நீங்க ஒரு ஆளு. நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம். இந்த ஷீட்டையும் கொண்டுபோறோம். இதையும் சொல்றோம்.”

“அவர் பாவம். எவ்வளவு முயற்சி பண்றார். கேக்கலைன்னு சொன்னா மனசு கஷ்டப்படுவாரு.”

 நாத்தனாருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. “டாக்டர் மனசு நோகக் கூடாதுன்னா இத்தனை மாசமா பரவாயில்லன்னீங்க? அண்ணி, உங்களை என்ன செய்றது?”

மறுநாள் மனநல டாக்டர் அந்த ஷீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். படிக்கட்டு, படிக்கட்டு, நிற்கிற அளவு, படிக்கட்டு. முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

“நான் இன்னும் நல்லாக் கேட்டிருக்கணும்” என்றார். “ரெண்டு மருந்து, போதுமான அளவுல, போதுமான நாள் குடுத்தும் கேக்கல. நிறைய பேருக்கு இப்படி நடக்கும்மா. மருந்துதான் தோத்துப்போச்சு. நீங்க தோக்கல.”

பல்லக்காவுக்கு அந்தக் கடைசி வார்த்தை காதில் விழுந்தபிறகு வேறெதுவும் விழவில்லை. மற்றதை நாத்தனார்தான் கேட்டுக்கொண்டாள். இருக்கிற மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைத்து வேறொன்றுக்கு மாற வேண்டும். ரத்தப் பரிசோதனை ஒன்று. மாத்திரை பாதி வேலைதான் செய்யும், மீதிக்கு வாரம் ஒரு முறை மனநல ஆலோசகரிடம் போய்ப் பேச வேண்டும். அந்த ‘இல்லாம இருந்தா’ எண்ணம் அழுத்தினால் நேரம் காலம் பார்க்காமல் போன் பண்ண வேண்டும். நம்பரை எழுதி ஒன்றை அண்ணியின் பர்ஸிலும் ஒன்றை அண்ணனின் சட்டைப்பையிலும் நாத்தனார் திணித்துவிட்டாள்.

புது மாத்திரை ஒன்றும் மந்திரம் போடவில்லை. ஆறு வாரம் கழித்து ஒரு காலை ஷீட்டில் முதன்முறையாக ‘நின்னுட்டுப் போற அளவு’ என்று விழுந்தது. மறுநாள் மறுபடி படிக்கட்டு. ஆனாலும் நாத்தனார் அந்த முதல் ஷீட்டைத் தனியே எடுத்து அண்ணனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினாள். அவர் யாரோ ஒருவர் வீட்டு மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்று அதைப் பார்த்துவிட்டு, கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று அந்த வீட்டுக்காரரிடம் சொன்னாராம்.

ஆலோசகர், மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்த பெண். வேலையைப் பற்றித்தான் அதிகம் கேட்டாள். தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் ஒரே பல்லைத் திரும்பத் திரும்பப் பிடுங்குவதைச் சொன்னதும், “ரெண்டு தடவை மட்டும் சரிபாருங்க. மூணாவது தடவை கை போனா, கத்தியைக் கீழ வச்சுட்டுச் சும்மா உக்காருங்க. பயம் வரும். வரட்டும். அதுவா எப்ப குறையுதுன்னு மட்டும் பாருங்க” என்றாள்.

சொல்லிவிட்டாள், செய்கிறவளுக்கல்லவா தெரியும். அரை நாள் வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், முன்பல்லைப் பதித்து, இரண்டு தடவை பார்த்து, கத்தியைக் கீழே வைத்தபோது வியர்த்துக் கொட்டியது. இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். பல் டாக்டரம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து தன் டீயைக் குடித்தார். பதினெட்டு நிமிடம் ஆயிற்று நெஞ்சு அடங்க. டீ குடித்து முடித்தும் டாக்டரம்மா எழுந்து போகவில்லை.

அந்த செட்டை மெழுகோடு வாயில் வைத்துப் பார்த்த பெரியவர் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இடது பக்கம் லேசா கோணலா இல்ல?” என்றார்.

பல்லக்கா எது நடந்துவிடுமோ என்று மாதக்கணக்கில் பயந்தாளோ, அதுவே நடந்துவிட்டது. கிட்டே போய்ப் பார்த்தாள். ஆமாம், கோணல்தான், மயிரிழை. பின்னறைக்குக் கொண்டுபோய்க் கத்தியைச் சுடரில் காட்டி, பல்லைத் தள்ளிவைத்து, ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். பெரியவர் மறுபடி கண்ணாடி பார்த்தார். “ம், இப்ப சரி” என்று சொல்லிவிட்டு, மழை வருமா என்று டாக்டரம்மாவிடம் விசாரித்தார். அவ்வளவுதான். யாரும் திட்டவில்லை, யாரும் அவளை வெளியே அனுப்பவில்லை. அன்று வீட்டுக்கு வந்து அந்த ஐந்து நிமிடத்தை நாத்தனாரிடம் அரை மணி நேரம் சொன்னாள்.

நாலு மாதம் தங்கிவிட்டு நாத்தனார் தன் வீட்டுக்குத் திரும்பினாள். பல்லக்கா இப்போது வாரத்தில் நாலு நாள் முழு வேலை பார்க்கிறாள். புதன்கிழமை ஆலோசகர். மாத்திரை தொடர்கிறது. சில வாரங்களில் காரணமே இல்லாமல் இரண்டு நாள், மூன்று நாள் கட்டிலோடு கட்டிலாகக் கிடக்கிறாள். அப்போது நாத்தனார் பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் போட்டு, பின்னணியில் ஹாரன் அலற, கூட்டம் எப்படி என்று கேட்பாள். உள்ளதை உள்ளபடி சொல்வாள். வந்தால் போகும் என்று இப்போது தெரியும். தெரிந்தும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

போன மாதம் கூடத்துக்குத் திரைச்சீலை வாங்க மூன்று பேரும் துணிக்கடைக்குப் போனார்கள். அழுக்குத் தெரியாது, காப்பிக் கலர்தான் எடுக்க வேண்டும் என்று நாத்தனார் கடையே கேட்கும்படி அடித்துச் சொன்னாள். பல்லக்கா துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

“எனக்குப் பிடிக்கல. பச்சைதான் வேணும்.”

“பச்சை ஒரு வருஷத்துல வெளுத்துடும் அண்ணி!”

“வெளுத்தா வெளுக்கட்டும். எங்க வீட்டு ஜன்னல். எனக்குப் பச்சை வேணும்.”

“எப்பவும் நீங்க பிடிச்ச பிடிதான்!”

“நீ மட்டும் விட்டுக்குடுத்துட்டியாக்கும்!”

கடைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உதவிக்காகக் கணவர் பக்கம் திரும்பினார். அவர் ஒரு துணிக்கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு, அவசரமில்லை, அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று கையைக் காட்டினார்.