மிச்சம் பன்னிரண்டு

என் வீட்டுக்காரர் ஆல்ஜிப்ராவை மந்திரம் மாதிரி உருப்போட்டார். சிறுவயதில் வேதம் சொல்லிப் பழகிய நாக்கு. வலியசாலை வீட்டுக் கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, புத்தகத்துக் கணக்கை விடையோடு சேர்த்து ஏற்ற இறக்கம் பிசகாமல் சொல்வார். "எக்ஸ் க்யூபையும் எக்ஸையும் ரெண்டையும் கூட்டி, எக்ஸில் ரெண்டைக் குறைத்து அதனால் வகுத்தால், மிச்சம் பன்னிரண்டு." அடுக்களையில் இருந்த எனக்கும் அது மனப்பாடம். அர்த்தம் மட்டும் தெரியாது. அவருக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

பள்ளி இறுதிப் பரீட்சையில், கணக்கில் இரண்டு தடவை தோற்றிருந்தார். என் மாமனாருக்குக் கோவிலில் சாப்பாடு போடும் ஊட்டுப்புரையில் சமையல் வேலை. "இந்தத் தடவையும் போச்சுன்னா ஆபீஸ் உத்தியோகத்தை மறந்துடு. எங்கூட வந்து சட்டுவத்தைப் பிடி" என்று மகனிடம் தீர்த்துச் சொல்லிவிட்டார். இவருக்கோ புகை பட்டாலே மூச்சு இழுக்கும். பரீட்சைக்கு இருபது நாள் இருந்தது.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவரிடம் நானாக எதுவும் கேட்டதில்லை. அன்று மத்தியானம் தண்ணீர் குடிக்க அடுக்களைக்கு வந்தார். கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்திருந்த என் வாய் எப்படித் திறந்ததோ தெரியவில்லை.

"ஏன்னா, எக்ஸ்னா என்னது?"

"ஏதாவது ஒரு நம்பர்."

"அஞ்சுன்னு வெச்சுக்கலாமோ?" முறத்தில் ஐந்து கத்தரிக்காய் இருந்தது.

"வெச்சுக்கோயேன். உனக்கென்னத்துக்காக்கும் இதெல்லாம்?"

க்யூப் என்றால் ஐந்தை மூன்று தடவை எழுதிப் பெருக்கவேண்டும் என்று அவரே சொன்னார். அடுப்புக்கரியால் தரையில் போட்டேன். நூற்றிருபத்தைந்து, ஐந்து, இரண்டு. மொத்தம் நூற்று முப்பத்திரண்டு. ஐந்தில் இரண்டு போனால் மூன்று. வகுத்தேன். நாற்பத்து நாலு. மிச்சமே இல்லை.

திக்கென்றது. அச்சடித்த புத்தகம் தப்பா?

"மிச்சம் பன்னிரண்டுன்னேளே! மூணால வகுத்தா பன்னிரண்டு எப்படி மிஞ்சும்? எங்க வாத்தியாரா இருந்தா காதைத் திருகியிருப்பார்."

அவர் முகம் வெளுத்தது. சொம்பை வைத்துவிட்டு என் எதிரே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கரிக் கணக்கை மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்தார். பிறகு, "எக்ஸ் என்னன்னு தெரியாதவரைக்கும் பன்னிரண்டை மேலே வகுக்க முடியாது. அஞ்சுன்னு தெரிஞ்சுதோ, அதுவும் மூணால மிச்சமில்லாம வகுபட்டுடும்" என்றார். சொன்ன அவரே திகைத்துப்போனார். எக்ஸை ஒரு எண்ணாக அதுவரை நினைத்ததே இல்லையாம்.

கரியைப் பிடுங்கி நாலு போட்டுப் பார்த்தார், மூன்று போட்டார். அப்புறம் இரண்டு. எட்டு, இரண்டு, இரண்டு. பன்னிரண்டு! வகுக்கிற எண்ணோ, இரண்டில் இரண்டு போய்ப் பூஜ்யம்.

"ஈசுவரா! வகுக்கற நம்பர் பூஜ்யமானா, அது பெருக்கின பாக்கியெல்லாம் பூஜ்யத்தோட போயிடறது, மிச்சம் மட்டும் நிக்கறது. ரெண்டு வருஷமா இதையாக்கும் நான் சொல்லிண்டிருந்தேன்!"

வகுக்காமலே மிச்சம் தெரியுமா? உலை வைக்காமல் சாதம் வெந்த மாதிரி இருந்தது.

மாமியார் எட்டிப் பார்த்தார். "நன்னாருக்கு! தரையெல்லாம் கரி. இன்னிக்கு இலையில எக்ஸையாக்கும் பரிமாறப்போறாய்?" நான் தலையை நிமிர்த்தவேயில்லை.

பரீட்சை எழுதிவிட்டு வந்தவர் வாசற்படியிலேயே சொன்னார்: "கேள்வித்தாள்ல அதே கணக்குதான், ஆனா நம்பரை மாத்திட்டான். எக்ஸோட ஒண்ணைக் கூட்டி வகுக்கச் சொல்லிட்டான்."

விரல் விட்டுப் பார்த்தேன். "எதோட ஒண்ணைக் கூட்டினாலும் பூஜ்யம் வராதே!"

"மைனஸ் ஒண்ணைப் போட்டேன்."

"அப்படீன்னா?"

"பூஜ்யத்துக்கும் கீழே ஒண்ணு."

ஒன்றுமில்லாததற்கும் கீழே ஒரு எண்ணா? பயத்தில் ஏதோ உளறி எழுதிவிட்டு வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். ரிசல்ட் வரும்வரை மாமனார் கண்ணில் படாமல் அடுக்களையிலேயே ஒதுங்கிக்கொண்டேன்.

பாஸாகிவிட்டார். புகை படாத உத்தியோகமும் கிடைத்தது. பூஜ்யத்துக்குக் கீழே எண் உண்டென்று பிற்பாடு எத்தனையோ தடவை எனக்கு விளக்கினார். தலையாட்டினேன். இன்றுவரை நான் நம்பவில்லை.